புதுப் பூச்சும் பொங்கின பாலும்

விரிசல் என்னவோ தலைமுடி கனம்தான். விமலன் போட்ட சத்தம் மட்டும் அடுத்த ஊர் கியா பார்ம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"சூடு தாங்குற பூச்சுன்னுதானே சொன்னீங்க? இன்னும் ஒரு குச்சி நெருப்பு வைக்கல, அதுக்குள்ள வெடிச்சிருக்கு! நெருப்பு வச்சா மொத்தமா கையில வந்துடும் போல!"

கொத்தனார் காளியண்ணன், குளிர்காயச் சுவரில் கட்டியிருந்த கணப்படுப்பின் முன்னால் மண்டியிட்டு, விரிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற உமாதேவி முந்தானை நுனியை முறுக்கினாள். நெருப்பு வைக்கவில்லையாம்! வைத்தவள் இதோ குத்துக்கல் மாதிரி நிற்கிறாளே, அவள் புருஷன் விமலனுக்கு எங்கே தெரியப்போகிறது?

தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலாக்காரர்கள் தங்குகிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து முதல் குடும்பம் வருகிறது. கணப்படுப்பின் படத்தைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள்.

அந்தப் படத்துக்காகவே விமலன் ஒற்றைக்காலில் நின்றான். "சூடு தாங்குற சரக்கு கொஞ்சம் சொரசொரன்னுதான் நிக்கும் பாஸ்" என்று காளியண்ணன் சொன்னதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "முட்டை ஓடு மாதிரி மழமழன்னு வேணும் லா, இல்லன்னா வேற ஆள பாத்துக்குறேன்" என்றுவிட்டான்.

கேட்டபடியே வந்தது. தொட்டுப் பார்த்த உமாதேவி சொக்கிப்போய், கன்னத்தைக்கூட அதில் வைத்துப் பார்த்தாள். போகும்போது காளியண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நல்லா காயட்டும் தங்கச்சி. நான் வந்து பாக்குற வரைக்கும் நெருப்பு மட்டும் வச்சுடாதீங்க."

கேட்டாளா? பால் காய்ச்சாமல் ஒரு வீட்டில் வெளியாளைத் தங்கவைத்தால் விளங்குமா? சமையலறையில் இருந்ததோ விமலன் ஆசையாய் வாங்கிய புது மின்னடுப்பு. பால் பொங்கி வழிகிற நேரம் பார்த்துத் தானாக அணைந்து தொலைந்தது அது. பொங்காத பாலும் ஒரு பாலா?

விமலன் சாமான் வாங்கத் திரிங்காப் டவுனுக்குப் போயிருந்தான். நல்ல நேரமோ முடியப்போகிறது. உமாதேவி சட்டென்று கணப்படுப்பில் நாலு விறகை அடுக்கி, அதில் பாலை ஏற்றிவிட்டாள். பால் அழகாய்ப் பொங்கியது. சாமியைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், பூச்சு மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. சாம்பலை அள்ளி ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இருந்துவிட்டாள். புருஷன் திட்டிவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், அந்தப் பயம்தான். வேறு ஒருத்தர் தலையில் விடியும் என்று அப்போது அவள் நினைக்கவே இல்லை.

"பேசுங்களேன்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்றான் விமலன்.

"தப்புதான் பாஸ்" என்றார் காளியண்ணன், தரையைப் பார்த்தபடி. "பூராவும் சுரண்டி எடுத்துட்டு நானே புதுசா பூசிக் குடுத்துடுறேன்."

ஐயோ, இந்த மனுசன் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று உமாதேவி துடித்தாள். எதிர்த்து நாலு வார்த்தை பேசினாலாவது மனசு கொஞ்சம் ஆறும். அவள் கொண்டுவந்த தேத்தண்ணியைக்கூட அவர் தொடவில்லை. ஆடை கட்டிக் கிடந்தது.

"நீங்க ஒண்ணும் பூச வேணாம். தோட்டத்துல மத்த பங்களா வேலையெல்லாம் உங்களுக்குத்தான்னு தோட்டத்து மேனேஜர்கிட்ட நான்தான் சிபாரிசு பண்ணுனேன். இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லிடுறேன்."

காளியண்ணனின் விரல் விரிசல்மேலேயே நின்றுவிட்டது. அந்த வேலையை நம்பித்தான் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் கைவசம் இருந்த வேலையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மலையேறி வந்திருந்தார். உமாதேவிக்கு அதுவும் தெரியும். இப்போது வாயைத் திறக்காவிட்டால் ஏழேழு ஜென்மத்துக்கும் சோறு இறங்காது என்று நினைத்தாள்.

விமலன் போனைக் காதில் வைத்தான்.

"வைங்க போன!" உமாதேவி பாய்ந்துபோய்ப் பிடுங்கினாள். "நான்தாங்க நெருப்பு வச்சேன். பால் காய்ச்சுனேன். அண்ணன் வேணாம்னு சொல்லியும் கேக்கல. அவரு திட்டு வாங்குறத கல்லு மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன். நான் பாவி!"

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். விமலன் அவளை முறைத்தான். முறைத்துக்கொண்டே இருந்தவனுக்கு மெல்ல முகம் தொங்கியது. நல்லவன்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். நேரே போய்க் காளியண்ணனின் சிமெண்டுக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுடுங்கண்ணே. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மேனேஜர்கிட்ட நானே சொல்றேன், எல்லா பங்களாவும் உங்க கைதான். பொம்பள செஞ்ச கூத்துக்கு நீங்க ஏண்ணே தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க?"

காளியண்ணனின் முகம் வேலை திரும்பக் கிடைத்தவர் முகம் மாதிரி இல்லை. பிடித்த கையை மெதுவாக உருவிக்கொண்டு, அழுதுகொண்டிருந்த உமாதேவியின் பக்கம் திரும்பினார்.

"அழாதீங்க தங்கச்சி. மழமழன்னு வரணும்னு நான் பூசுனது சூடு தாங்குற சரக்கே இல்ல."