சிவப்புக் காருக்கு இரண்டு இன்ஜின்

"இந்தப் பிணத்த எப்பத்தான் சார் எடுக்கப் போறீங்க? பதினாலு மாசமா என் ஷெட்ல பாதி இடத்த இதுவே அடைச்சுக்கிட்டு நிக்குது."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தபடி காரைக் காட்டினார். ஆள் குள்ளம், அலுப்பு மட்டும் ஆளுயரத்துக்கு இருந்தது.

அண்ணன், அப்பா விட்டுப்போன அந்த இரண்டு சீட் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வருஷக் கடைசிக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு தடவையாவது இதை ஓட்டிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

குறுக்கே நின்றது தம்பி. காரை இருவருக்கும் பொதுவாக எழுதிவைத்த அப்பா, இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக் கூடாது என்றும் உயிலில் சேர்த்துவிட்டார். இன்ஜின் ஜாம், இனி தேறாது என்று மெக்கானிக் கைவிரித்த நாளிலிருந்து, எதை மாட்டுவது என்பதில் இருவருக்கும் வெட்டுப்பழி குத்துப்பழி.

சுவரோரம் மரக்கட்டைகள்மேல் இரண்டு இன்ஜின்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று அண்ணன் அலைந்து பிடித்தது. அதே மாடல், கார்புரேட்டர் வைத்த பழைய காலத்துப் பெட்ரோல் இன்ஜின். மற்றது தம்பி வாங்கி வந்த புத்தம்புது டர்போ. உயரத்திலும் முறைப்பிலும் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்த இருவரும் ஆளுக்கொரு இன்ஜின் பக்கம் நின்றார்கள்.

அண்ணன் ஆசை தாங்காமல் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு முட்டியும் ஸ்டியரிங்கில் போய் இடித்தன.

"சீட்ட ஏன்டா முன்னால தள்ளி வச்சிருக்கே? எனக்குத் தெரியாம வந்து உட்கார்ந்து பாத்துட்டுப் போறியா?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு!"

"சாவியத் திருப்பிடாதீங்க சார்!" மெக்கானிக் பதறி ஓடி வந்தார். "மிச்சம் இருக்கிறதும் உடைஞ்சிடும். நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தாத்தான் இந்தச் சனியன இறக்க முடியும்."

"முடிவு பண்ணியாச்சு. என்னோடதுதான்" என்றார் அண்ணன். "அவன் டர்போவ மாட்டணும்னா முன்பக்கத்த அறுக்கணும். அப்பா கார்மேல ரம்பம் வைக்க நான் விடமாட்டேன்."

"உன்னோடத மாட்டினா ஒரு நாள் ஓடும், ஒம்பது நாள் இங்கயே கிடக்கும்."

"பேசாதடா. அப்பா இருந்தப்ப ஒரு நாளாவது இதக் கழுவியிருப்பியா?"

"கழுவ விட்டியா நீ? தொட்டாலே கையத் தட்டி விடுவியே. நாப்பது வருஷமா உன் கார் மாதிரியேதானே பாத்துக்கிட்டு இருந்தே!"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. காரிலிருந்து இறங்கியவர், பக்கத்தில் கிடந்த ஜாக்கியைக் கவனிக்காமல் தடுக்கினார். விழப் போனவரின் முழங்கையைத் தம்பி எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"கால்கிட்ட கிடக்கிறதுகூடத் தெரியலயா?"

"ஓரத்துல இருக்கிறது இப்பல்லாம் தெரியறதில்லடா."

தம்பி ஜாக்கியைக் காலால் ஓரமாகத் தள்ளினான். பிறகு முழங்கையை விடாமலேயே மெக்கானிக் பக்கம் திரும்பினான்.

"பழசையே மாட்டிடுங்க. அண்ணன் ஓட்டட்டும்."

அண்ணன், பதினாலு மாதமாகத் திட்டித் தீர்த்த தம்பியின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

"அப்பாடா, வயித்துல பால வார்த்தீங்க சின்னவரே!" மெக்கானிக் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "போன வாரம் போன் பண்ணி, அண்ணன் கண்ணு இன்னும் எவ்வளவு நாளைக்குத் தாங்குமாம்னு கேட்டீங்கள்ல, அப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வண்டி மொத்தமா உங்க கைக்கு வரட்டும்னு காத்திருக்கீங்களோன்னு தப்பா நினைச்சுட்டேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, நான் ஒண்ணும் சொல்லல சார். விட்டுடுங்க."

அண்ணன் தம்பியின் கையை உதறினார். "கேட்டியா?"

"எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"அத எங்கிட்ட கேக்க வாய் இல்லயா? ஊரானக் கேட்டு நாள் எண்ணிக்கிட்டு இருக்கே!"

"பேசவே மாட்டேங்கிறவன்கிட்ட எப்படிடா கேப்பாங்க?" தம்பி முதல்முறையாக அண்ணனை 'டா' போட்டான்.

அத்தோடு முடிந்தது. கார் துருப்பிடித்து மண்ணாகப் போனாலும் டர்போவுக்குத் தன் கையெழுத்து கிடையாது என்றார் அண்ணன். அப்படியானால் கார்புரேட்டருக்குத் தன்னுடையதும் கிடையாது என்றான் தம்பி. ஒருவர் கிழக்கே போனார், மற்றவன் மேற்கே போனான்.

இருவரும் தெருமுனை தாண்டும்வரை மெக்கானிக் சோகமாகத் தலையை ஆட்டிக்கொண்டே வாசலில் நின்றார். அப்புறம் கையிலிருந்த துணியை டர்போவின் தலையில் வீசிவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"கிளம்பி நில்லு, இன்னிக்கும் செவப்புக் காருலயே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்."