கோடி அறை வாசல்

தான் வாழ்ந்த பங்களாவை அரசாங்கத்துக்குக் கொடுத்தபின் குமுதவல்லி அங்கே வந்தது அன்றுதான். அது இப்போது கலெக்டர் அலுவலகம். மாடியில் கோடி அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

“உள்ள சாமியா இருக்கு?” என்று கேட்டாள்.

“ஐயாதான் இருக்காரு. மனசு வச்சா அவரும் சாமிதான்,” என்று சிரித்தார் வாசலில் நின்ற டவாலி. “ஏன்னு தெரியாதும்மா. அந்தக் காலத்துலேருந்து கழட்டிட்டுத்தான் போவாங்க.”

காய்ச்சலில் கிடந்த மகன் சத்தத்தில் விழித்துவிடக் கூடாதென்று, அந்த வாசலில் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னவள் அவள்தான். அவன் விழிக்கவே இல்லை. வழக்கத்தை நிறுத்தச் சொல்ல அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து புது கலெக்டர் எட்டிப் பார்த்தார். “இதென்ன கோயிலா? எல்லாரும் போட்டுக்கிட்டே வாங்க!”

மனுவோடு நின்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தடதடவென்று நுழைந்தார்கள். குமுதவல்லி தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“மெதுவா,” என்றாள். “மெதுவாப் போங்கப்பா.”