தொண்ணூற்று ஒன்பது

வியாசர்பாடித் தெருவில் பந்து உதைக்கப் பழகிய ஷைனி, உலகக் கோப்பையில் ஆடப்போகிறாள். பெற்றவர்களில் ஒருவர்தான் நேரில் போய்ப் பார்க்க முடியும். வெளிநாடு போகிறவர் தவறாமல் திரும்ப வேண்டும் என்பதற்காக, வீட்டு ஆள் ஒருவரை ஊரில் பிணையாக நிறுத்தச் சொல்கிறது விசாச் சட்டம்.

"நீயே போய்ட்டு வாய்யா. புள்ளைக்குப் பந்து கத்துக்குடுத்தவன் நீதானே? நான் பிணை நிக்கறேன்," என்றாள் பிலோமினா. புருஷன் தேவசகாயத்துக்கு நீலச் சட்டை தைத்தாள். மகளுக்கு நெத்திலித் தொக்கு கிளறினாள். விசா கிடைத்த கையோடு மாதா கோயிலில் வைத்து மந்திரிக்கலாம் என்று இரண்டையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே விசா அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

இருவரும் பிணையைக் கணிக்கும் இயந்திரத்தின் கண்ணாடித் தட்டில் கைவைத்தார்கள். அது யோசிக்கவேயில்லை.

"இந்தப் பிணைக்காக இவர் திரும்பி வர வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்று. வேறு பிணை காட்டவும்."

தேவசகாயம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மிஷின் ரிப்பேரா இருக்கும் பிலோமி."

"இருக்கும், இருக்கும்," என்றாள்.

கவுண்டர் பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது. "அக்கா, நீங்க போறீங்களா? சார் பிணை நிக்கட்டும்."

மாற்றிக் கைவைத்தார்கள். தொண்ணூற்று ஒன்பது. விசா அச்சாகி வந்தது.

"பாத்தியா, மிஷின் நல்லாத்தான் இருக்கு! நீ வந்துடுவே," என்றான் தேவசகாயம்.

பதினொன்றைக் கேட்டபோது அழாத பிலோமினா, தொக்குப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.