இன்னொரு தடவை பாருங்க

அண்ணன் சட்டையில் இருந்த ரத்தம் அவனுடையது அல்ல. ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் கதவை உதைத்துத் திறந்தவன், தங்கையைத் தரதரவென்று இழுத்துவந்து நாற்காலியில் தள்ளினான். அவள் உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"நேத்து வயித்து வலின்னு வந்தா. எக்ஸ்ரே எடுக்கறதுக்கு முன்னால ரத்தத்தைப் பார்த்துட்டு, கர்ப்பம்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே? கல்யாணமாகாத பொண்ணு இவ. இன்னொரு தடவை பாருங்க. நிஜம்னா இன்னிக்கே இவளை முடிச்சுடறேன்."

லேப்காரம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்த மாதிரி அண்ணன்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர். "மருந்து கம்பெனி வேன் டிரைவரை அடிச்சது நீதானா? மேல வார்டுல கிடக்கான். ஒரு கண்ணு போச்சு."

"இன்னொண்ணு இருக்குல்ல?" என்றான். "தினம் இவளை முன்சீட்டுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனவன் அவன்தான்."

"சத்தியமா எனக்கு எதுவும் தெரியாதுண்ணா" என்று அழுதாள் தங்கை. அதற்கும் ஓர் அறை விழுந்தது.

லேப்காரம்மா முதலில் அவளுடைய சிறுநீரைச் சோதித்தார். கர்ப்பம் இல்லை என்றது சோதனைப் பட்டை. "அதெல்லாம் வேணாம், ரத்தத்துல பாருங்க!" என்று மேஜையைக் குத்தினான் அண்ணன். குத்திய கையில் பல் பதிந்த புண்.

"இது என்ன?"

"டிரைவர் கடிச்சான். எனக்குக் கடியெல்லாம் புதுசா? கம்பெனியில சோதனை எலி வளர்க்கறதுதான் எங்க ரெண்டு பேருக்கும் வேலை. ஆறு வருஷமா கடி வாங்கறோம்."

லேப்காரம்மா தங்கையின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பொடிப்பொடியாகத் தழும்புகள். பிறகு அவளிடம் ரத்தம் எடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "மனுஷக் கடி சீழ் வைக்கும். நீயும் கையை நீட்டு."

ஒரு மணி நேரம் அவன் கூண்டுப்புலியாக நடந்தான். உள்ளே ஓடும் மெஷினை நம்பித்தான் தன் உயிர் இருக்கிறது என்று தங்கைக்குத் தெரியும். அவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

லேப்காரம்மா இரண்டு தாள்களோடு வந்தார். வாயைத் திறப்பதற்குள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டான்.

"கர்ப்ப அளவு நேத்து எண்பத்தாறு. இன்னிக்கு நூத்திப் பன்னெண்டு! வளருதுடி!" அவள் பின்னலைக் கையில் சுற்றி, தலையைச் சுவருக்கு இழுத்தான்.

"விடுடா அவளை!" லேப்காரம்மா குறுக்கே பாய்ந்தார். "எலியோடயே கிடக்கறவங்க ரத்தத்துல எலிக்கு எதிரா ஒண்ணு ஊறிடும். எங்க டெஸ்ட் மருந்தும் எலியிலேர்ந்து செய்யறதுதான். ரெண்டும் ஒட்டிக்கிட்டா, வயித்துல ஒண்ணுமே இல்லாம பாசிட்டிவ்னு காட்டும். அது சிறுநீர்ல இறங்காது. அதான் பட்டை உண்மையைச் சொல்லிச்சு."

"யார்கிட்ட கதை விடறீங்க?" தாளை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினான். "வயித்துல இல்லாமயா இதுல நூத்திப் பன்னெண்டுன்னு வந்திருக்கு?"

"மேல பேரைப் படி. அது உன் ரத்தம்டா."