முந்நூறாவது படிவம்

மாணவர்கள் மகிழ்ச்சியாகக் கற்க ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கணக்கு ஆசிரியர் ஞானசிகாமணியின் முனைவர் பட்ட ஆய்வு. ஏழு வருடமாக, வகுப்பைச் "சத்தம் போடாமப் படிங்க" என்று விட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் அதை எழுதிக்கொண்டிருந்தார். முந்நூறு மாணவர்களிடம் வினாப்படிவம் வாங்கியாயிற்று. அவருடைய ஒன்பதாம் வகுப்புத் தீபலட்சுமி மட்டும் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்காமல், "சார் கிளாசுக்கு வந்தப்புறம் சொல்றேன்" என்று அடியில் எழுதியிருந்தாள்.

சுவரில் தன் சான்றிதழ்கள் எட்டை மாட்டியிருந்த ஆய்வு நெறியாளர், அந்தப் படிவத்தை இரண்டு விரலால் தூக்கினார்.

"இது ஒவ்வாத தரவு. நீங்களே ஒண்ணு நிரப்பிருங்க. திங்கக்கிழமை சமர்ப்பிக்கணும்ல?"

"அந்தப் புள்ளைகிட்டயே திரும்பக் கேட்டுரட்டுமா சார்?"

"கேட்டா திரும்பவும் அதையேதான்யா எழுதும்."

அன்று மாலை ஞானசிகாமணி புதுப் படிவத்தில் அவள் பெயரை அவளுடைய சாய்ந்த கையெழுத்திலேயே எழுதினார். முதல் வரி: 'என் ஆசிரியர் என்னை நன்கு அறிவார்.' 'முழுமையாக உடன்படுகிறேன்' கட்டத்தில் பேனாவை ஊன்றியவர், அவள் எந்த பெஞ்சில் உட்காருவாள் என்று யோசித்தார். முகம்கூட நினைவுக்கு வரவில்லை. பேனாவை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. மை மட்டும் கட்டத்துக்குள் ஊறிக்கொண்டிருந்தது.