இருப்பு இல்லை

"விடு அந்தப் பையை! அது என் ஆர்டர்!"

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணின் கையிலிருந்து காகிதப் பையைப் பிடுங்கினாள் அவள். உள்ளே கையை விட்டுத் துழாவினாள். கீரைக்கட்டு, தயிர், ரொட்டி... அடியில் அகப்பட்டது முந்திரிப்பருப்புப் பாக்கெட்.

நல்ல வேளை. வண்டியில் ஏறவில்லை.

"என்னக்கா நீங்க? ஸ்கேனர் சொன்னதைத்தானே எடுத்து வெச்சேன்?" புதியவளின் முகம் சுருங்கிவிட்டது.

"ஸ்கேனர் சொல்லும். திங்கப்போறது அதுவா?"

மளிகைக் கடையின் பின்பக்கம் இருந்தது அந்தப் பேக்கிங் கூடம். வாடிக்கையாளரின் வயது, எடை, வியாதி, ருசி எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு, ஏழு நாளைக்கும் என்ன சமைக்கலாம் என்று கடையின் ஆப்பே திட்டம் போட்டுவிடும். வீட்டிலிருப்பவர்கள் அதில் கூட்டலாம், கழிக்கலாம். அதன்பின் பட்டியல் இந்தக் கூடத்துக்கு வரும். எடுத்துக் கட்டுவதோடு இவர்கள் வேலை முடிந்தது. பட்டியலில் கை வைக்கக் கூடாது. சரக்குத் தீர்ந்துபோயிருந்தால் மட்டும் 'இருப்பு இல்லை' என்று அழுத்திவிட்டு, பதிலுக்கு ஒன்றை வைக்கலாம்.

அவள் 'இருப்பு இல்லை'யை அழுத்தினாள். ஓடிப்போய்ப் பூசணி விதைப் பாக்கெட் ஒன்றை எடுத்து வந்து பைக்குள் செருகினாள். வெளியே டெலிவரி வண்டி ஹாரன் அடித்தது.

"இருப்பு இல்லையா?"

முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசரின் குரல். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதால், கூடத்தில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர். அவர் சாய்ந்து நின்ற அலமாரியில் முந்திரிப் பாக்கெட்டுகள் அவர் தலைக்கு மேல் வரை அடுக்கப்பட்டிருந்தன.



"வாராவாரம் இதே வீடு, இதே முந்திரி, இதே 'இல்லை'. நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். பூசணி விதைக்காரன் தனியா ஏதாவது தர்றானா?"

"சார், அந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. முந்திரி நாக்குல பட்டாலே தொண்டை வீங்கிடும். மூச்சு விட முடியாது."

அவர் ஸ்கேனரை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "வீட்டில் இருவர். அப்பா, மகள். அலர்ஜி, எதுவும் இல்லை. ஆப்புக்கே தெரியாதது உனக்கு யார் சொன்னா?"

அவள் பைக்குள் கீரைக்கட்டை நேராக்கி வைத்தாள்.

"அந்த வீட்டு சாரைத் தெரியுமோ என்னவோ!" என்று புதியவள் களுக்கென்று சிரித்தாள். பை பறிபோன கோபம் அவளுக்கு.

"அதையும் அவரையே கேட்டுடலாம்." பிரேக் கைப்பேசியை எடுத்தார்.

"வேண்டாம் சார்!" அவள் கிட்டத்தட்ட அலறினாள். "மீன் கழுவுற இடத்துக்கு மாத்துங்க. குளிர் அறையில போடுங்க, போறேன். போன் மட்டும் பண்ணாதீங்க. பண்ணினா அவங்க கடையையே மாத்திடுவாங்க."

"மாத்தட்டுமே! உனக்கென்ன?"

அவள் டேப் சுருளைக் கையில் எடுத்தாள்.

"இங்க பாரு. அலர்ஜி நிஜம்னா நீ தப்பிச்சே. இல்லேன்னா அந்த அடையாள அட்டையைக் கழட்டி மேஜையில வெச்சிட்டு வீட்டுக்குக் கிளம்பு."

மணி அடிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. அவளுக்கு நிலைகொள்ளவில்லை. பையின் வாயை டேப் போட்டு ஒட்டினாள், பிய்த்தாள், மறுபடி ஒட்டினாள். எடுக்காமலே போய்விடட்டும் என்று உதடுகள் முணுமுணுத்தன. ஹாரன் மீண்டும் அடித்தது.

"ஹலோ?"

சின்னப் பெண்ணின் குரல். டேப் அவள் விரலோடு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாப்பா, கடையிலேர்ந்து பேசறேன். அப்பா இருக்காரா?"

"குளிக்கிறாரு. என்ன அங்கிள்?"

"ஒண்ணுமில்லைம்மா. உனக்கு முந்திரி ஒத்துக்குமா?"

"ஐயோ, ஆகவே ஆகாது! ரெண்டாவது படிக்கிறப்ப ஆஸ்பத்திரியிலயே சேர்த்துட்டாங்க."

பிரேக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புதியவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"பின்னே, ஆப்ல அதைப் பதிஞ்சு வைக்கக் கூடாதா? அது பாட்டுக்கு வாராவாரம் முந்திரியைப் போட்டுக்கிட்டே இருக்கே!"

"ஆப் போடலை அங்கிள். நான்தான் போடறேன்."

"என்னது?"

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. பெண்ணின் குரல் ரகசியமாகத் தணிந்தது.

"முதல் தடவை மட்டும் ஆப் தானா போட்டுச்சு. ஆனா கடையில இல்லைன்னு சொல்லி, பூசணி விதை வந்துச்சு. எனக்கு முந்திரிக்குப் பதிலா பூசணி விதை தர்றது ஒரே ஒருத்தர்தான். அதான் நானே வாராவாரம் போட்டுப் பார்த்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க... அங்கிள், இன்னிக்கு நிஜமாவே முந்திரி வந்துடுமா? எங்கம்மா அங்க வேலையை விட்டுட்டாங்களா?"