ஒரே ஒரு ஆளுக்காக

“ஒரே ஒரு பொண்ணுக்காக நாப்பது பிள்ளைங்களக் கீழ கொண்டு வரணுமா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்!” என்றார் தலைமை ஆசிரியர், நாற்காலியை விட்டு அசையாமல்.

எதிரே நின்றவள், ஊன்றுகோலோடு வரும் மாணவிக்குத் துணையாகக் கல்லூரி அனுப்பிய பயிற்சி ஆசிரியை. வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பயிற்சிக்கு வந்தவள் பயிற்சியோடு போக வேண்டாமோ?

“அஞ்சாம் வகுப்பு மாடியில இருக்கு சார். அவளால ஏற முடியல. தினமும் கீழ வராந்தாவுல தனியா உக்காந்து படிக்கிறா.”

“அதான் துணைக்கு நீ இருக்கியே! எல்லாரையும் சமமா சேர்த்துக்கணும்னு போன வாரம் மாடி ஹால்ல எல்லாருக்கும் என் உரையை வாசிச்சாங்களே, கேட்டியா?”

“எல்லாரும் கேட்டாங்க சார். அவளத் தவிர.”

“ஒரு ஆளுக்காகப் பள்ளிக்கூடத்தையே புரட்டிப் போட முடியுமா? கீழ ரூமும் இல்ல. உன் ரிப்போர்ட்டக் கொடு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கெளம்பு.”

பள்ளியைப் பற்றிக் கல்லூரிக்கு அவள் எழுதியிருந்தது இரண்டே வாக்கியம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘மாடி ஏற முடியாதவர்களை அரவணைப்பதில் இந்தப் பள்ளிக்கு நல்ல அனுபவம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைமை ஆசிரியருக்கு முழங்கால் வலி வந்தபோது, கீழே இருந்த ஐந்தாம் வகுப்பு ஒரே நாளில் மாடிக்குப் போய், மாடியில் இருந்த அவர் அறை கீழே வந்துவிட்டது.’

அவர் பேனாவைத் தேட ஆரம்பித்தார். அது சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் வெகு நேரம் தேடினார்.